ஜீவராணி பிள்ளை பார்த்த கதை

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து அட்டைகள் ஜீவராணியைக் கடிப்பதில்லை. அவள் உடம்பில் ஓடுவது இரத்தமல்ல, அலுப்பு என்று அவற்றுக்குத் தெரியும். நம்பாதவர்கள் அட்டையையே கேட்டுக்கொள்ளலாம்.

தங்கை கிருஷாந்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, கைக்குழந்தை ஜெயந்தினியை இவளிடம்தான் விட்டுப் போனாள். ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து கையை நீட்டினால், பிள்ளை ஜீவராணியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இந்த அக்கா யாரு?" என்றது. அந்த ஒரு கேள்வி போதாதா? கிருஷாந்தி பிள்ளையை ராகலைக்குக் கொண்டுபோய்விட்டாள். தேடிப் போன அக்காவை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

பெற்றவள் மறுத்தால் வளர்த்தவளுக்கு வழி உண்டா என்று கேட்கத்தான் ஜீவராணி கோர்ட்டுப் படி ஏறினாள்.

"புள்ளயப் பாக்கணுங்க ஐயா" என்றாள். மொழிபெயர்த்தவர் அதைச் சிங்களத்தில் 'பலாகன்ன' என்றார். கண்ணால் பார்ப்பதென்றால் 'பலன்ன'. வைத்து வளர்ப்பதென்றால் 'பலாகன்ன'. நம் தமிழில் பிள்ளை பார்ப்பது என்றால் இரண்டும்தானே!

கிருஷாந்தி குதித்தாள். "பாத்தீங்களா ஐயா? புள்ளயப் புடுங்கத்தான் வந்திருக்காங்க!"

வழக்கு தவணைமேல் தவணை போனது. போய் வந்த பஸ்ஸில் ஜீவராணி தேய்த்த தேய்ப்பில் இருக்கை பாதியாகிவிட்டது. கடைசியில் அவளுடைய லோயர் சண்முகவடிவு நேராகவே கேட்டாள்.

"அக்கா, புள்ள ஒங்களோட இருக்கணுமா? போய்ப் பாத்துட்டு வந்தாப் போதுமா?"

"ரெண்டுக்கும் ஆசதாம்மா." ஜீவராணி பெருமூச்சு விட்டாள். "பாத்துட்டு வந்தாப் போதும்னு சொல்லிருங்க."

அதைச் சொன்னதும் கிருஷாந்தியும் அடங்கினாள். மாதத்தில் ஒரு ஞாயிறு, தாயின் வீட்டில், இரண்டு மணி நேரம் என்று உத்தரவானது.

முதல் ஞாயிறு இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்து ராகலைக்குப் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை தள்ளியே நின்றது. கிருஷாந்தி பிளேன்டீ கொடுத்தாள். குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனாள்.

கண் விழித்தால் முகத்துக்கு நேரே ஜெயந்தினியின் முகம்.

"எவ்வளவு கொறட்ட! கூரத் தகரமெல்லாம் ஆடுச்சு."

"ஐயையோ, நேரம் முடிஞ்சிருச்சா?"

கிருஷாந்தி கடிகாரத்தையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. "மொதல்ல சாப்புடுங்க" என்று சோற்றுத் தட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.