இரட்டை வேகத்தில் கேட்ட அக்காவின் குரல்

குன்னூரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். காலையில் சமையல், பஸ், வகுப்பு, மாலையில் டியூஷன் என்று நாள் ஓடிவிடும். நெல்லியாளம் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் என் அக்காவுக்கு எழுதப் படிக்க வராது. தினமும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். நான் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பேன். பதிலுக்கு ஒரு பூப் படம் அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன்.

போன மழைக்காலத்தில் ஒரு வாரமாக அவள் மெசேஜ் நீண்டுகொண்டே போனது. இவ்வளவு என்ன பேச்சு என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. "ஏனுங்க, அக்கா பேசுனதைக் கொஞ்சம் போடுங்க" என்று கணவரிடம் சொன்னேன். அவர் சாதாரண வேகத்தில் போட்டார்.

அக்கா அதிகம் பேசவே இல்லை. "சாப்பிட்டியா பாப்பா" என்று கேட்டு முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.

"உங்கக்காவுக்கு மூச்சு விடவே முடியல. கிளம்பு" என்றார் கணவர்.

அன்றே போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிமோனியா. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டாள்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று அழுதேன்.

"தினமும் பேசுனேனே பாப்பா" என்றாள்.

இப்போதெல்லாம் அவள் பேசும் வேகத்திலேயே கேட்கிறேன். பேசி முடித்தாலும் நிறுத்த மறந்துவிடுவாள். டீ ஆற்றுகிற சத்தம் கேட்கும். அதுவும் முடிந்த பிறகுதான் போனைக் கீழே வைக்கிறேன்.