ஓலைக்கட்டுக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, என் அம்மா என்னை ஒரு இருளர் குடியிருப்பில் நிரந்தரமாக விட்டுவிட்டு வரப்போகிறார் என்று நம்பினேன். லேசான சந்தேகமெல்லாம் இல்லை, முழு நம்பிக்கை. எங்கள் சபையில் விசுவாசத்தைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். அந்த வாரம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே அசைக்க முடியாத விசுவாசம் என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

ஆதாரம் இல்லாமல் நம்பவில்லை. சின்னப்பிள்ளையில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து கண்ணும் நகமும் மஞ்சளாகிக் கிடந்தபோது, இவன் பிழைத்தால் உம்முடைய ஊழியத்துக்கே ஒப்புக்கொடுத்துவிடுகிறேன் என்று அம்மா பொருத்தனை செய்துகொண்டார். நான் பிழைத்துவிட்டேன். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரம் வந்தால் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று இந்தக் கதையைச் சொல்வார். முடிக்கும்போது என்னைச் சுட்டிக்காட்டுவார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் அத்தனை தலைகளும் திரும்பும். கிறிஸ்துமஸுக்கு என்று வளர்க்கிற சேவலை வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியது அப்பாவின் தங்கை, என் அத்தை. பலகையில் பச்சைத் துணியை விரித்து, படங்களை அதில் ஒட்டி ஒட்டிக் கதை சொல்வார். அதில் ஒரு கதை எனக்காகவே எழுதி வைத்தது மாதிரி இருக்கும். பிள்ளைக்காக அழுது பொருத்தனை செய்த ஒரு தாய், பிள்ளை வளர்ந்ததும் சொன்ன வாக்குப்படி ஆலயத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பிவிடுவாள். வருஷத்துக்கு ஒருமுறை சின்னச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவாள். அத்தை அம்மா படத்தைப் பிய்த்து எடுத்துவிடுவார். பையன் மட்டும் பலகையில் நிற்பான். பசையே இல்லாமல் எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறான் என்று மற்ற பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்வான் என்பதுதான் கவலை.

அந்த மே மாதம் எங்கள் பாஸ்டர், ஆரணியாற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு இருளர் குடியிருப்புக்கு ஊழியப் பயணம் போகிறோம் என்று அறிவித்தார். பஸ் போகாத இடம். பாட்டு, கதை, காய்ச்சல் மாத்திரை, பழைய துணி, சாப்பாடு, எல்லாம் ஒரே நாளில். 'சின்னப்பிள்ளைகள் வேண்டாம், இவன் மட்டும் வரட்டும்' என்று என்னைச் சொன்னார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த கையோடு எனக்கு ஒரு சட்டை தைக்க உட்கார்ந்தார். கை முழங்கையைத் தாண்டி வந்தது, கீழ் ஓரம் தொடையைத் தொட்டது. 'அடுத்த வருஷமும் ஆவும்' என்றார். சின்னச் சட்டை, வருஷத்துக்கு ஒருமுறை.

இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை செய்த அப்பா, ஷிப்ட் முடிந்து வந்து என் தலையைத் தடவி, 'பத்தரமா இரு' என்றார். அதற்கு முன்பு அவர் கை என் தலைக்கு வந்ததெல்லாம் குட்டுவதற்குத்தான். கடைசி ஆணியை அடித்தவர் எங்கள் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி.

"இன்னாடா, பொட்டி கட்டிகினியா?"

"நான் சாய்ந்தரம் வந்துருவேன் மாமா."

"வருவ, வருவ. தாடி வெச்சிகினு வருவ. அங்க போனா மொதல்ல பாம்புங்க பேரெல்லாம் கத்துக்கோ. ஊட்டுக்குள்ளாற அதுங்க வந்தா நாமதான் எயிந்து எடம் உடணும்."

சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் அன்று சாப்பிடவில்லை.

காலையில் ஒரு வேன் வந்தது. டோலக், அண்டா நிறையத் தக்காளி சாதம், துணி மூட்டை, பிஸ்கட் பெட்டி, நான். புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. தப்பித்து நடந்து வருவதற்கு வழியை மனப்பாடம் செய்வது என்று முடிவு செய்தேன். திரும்பும் இடத்தில் ஒற்றைப் பனைமரம், சரி. கொஞ்ச தூரத்தில் இன்னொரு பனைமரம், அதுவும் சரி. அப்புறம் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை பனைமரம். மனப்பாடத்தைக் கைவிட்டு ஜெபத்துக்கு மாறினேன். ஆனால் யாரிடமிருந்து தப்பிக்க வேண்டுமோ அவரிடமே தப்பிக்க உதவி கேட்பது எப்படி என்று தெரியாமல் அதையும் நிறுத்தினேன். பக்கத்தில் அம்மா உரக்கப் பாடிக்கொண்டு வந்தார்.

வேன் ஏரிக்கரையில் நின்றது. அதற்கு மேல் பாதை இல்லை. சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கருவேலங்காட்டு வழியாக நடந்தோம். நான் தரையை மட்டுமே பார்த்து நடந்தேன். கிடந்த கயிறு, வேர், டயர் துண்டு எல்லாவற்றுக்கும் துள்ளினேன். அன்று முழுக்க அங்கே நான் பார்த்த ஒரே ஊரும் ஜந்து ஒரு ஓணான். அது என்னைப் பார்த்துவிட்டு ஓடிப்போனது.

குடியிருப்பு என்றால் ஏழெட்டு ஓலைக் குடிசைகள், ஒரு வேப்பமரம், நான்கு ஆடுகள். பெண்கள் சிலர் வந்து நின்றார்கள். ஆண்கள் தள்ளி நின்று பீடி பிடித்தார்கள். பிள்ளைகள்தான் ஒருவர்கூட இல்லை. பிள்ளைகளுக்கென்று வந்த ஊழியம் அது. அத்தை விரித்த பச்சைத் துணிப் பலகைக்கு முன்னால் ஆடுகள் மட்டும் வந்தன. பாஸ்டர் விடவில்லை. கைதட்டிப் பாடும் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார், நாங்களும் ஆடுகளைப் பார்த்துக் கைதட்டிப் பாடினோம்.

"புள்ளைங்கல்லாம் எங்கம்மா?" என்று அத்தை கேட்டார்.

"கீதுங்க, கீதுங்க," என்றார் ஒரு பெண்மணி, காட்டைப் பார்த்து.

பாட்டு முடிவதற்குள் அம்மா எழுந்து ஒரு குடிசை வாசலுக்குப் போனார். அங்கே ஒரு பெண், அம்மாவைவிட இளையவர், கழுத்தில் கறுப்புப் பாசிமணி. இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பேசிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

போனேன். அந்தப் பெண் என் தலையில் கையை வைத்து, அதே உயரத்தில் தன் நெஞ்சுக்குக் கையைக் கொண்டுபோய் அளந்து பார்த்தார்.

"இவன் ஊட்ல இன்னா துன்றான்க்கா?"

"இன்னா குடுத்தாலும் துன்னுவான்," என்றார் அம்மா.

"ராத்திரில அம்மாவத் தேட மாட்டானா?"

"ரெண்டு நாளு தேடுவாங்க. அப்பறம் பயகிக்குவாங்க."

இதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன மிச்சம் இருக்கிறது? கை கழுவிவிட்டு வருகிறேன் என்றேன். எதற்குக் கை கழுவுகிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை. குடிசைக்குப் பின்னால் போனதும் கால்கள் தாமாக ஓடின. கூரை மாற்றுவதற்காகப் பனையோலைக் கட்டுகளை வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஓலைக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி. அதற்குள் புகுந்து உட்கார்ந்தேன்.

இருட்டில் என் காலைச் சூடாக ஏதோ ஒன்று தொட்டது. தொட்டு, இலேசாக அசைந்தது. மாமா சொன்ன பாம்புகள் நினைவுக்கு வந்தன. கத்த வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை, காற்று மட்டும் வந்தது. வேறு ஒன்றும் வந்தது, அதை நான் எழுதப்போவதில்லை. புதுச் சட்டை நீளமாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

"காலை எடுறா," என்றது அது.

ஒரு பையன். என் வயதுதான் இருக்கும். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணும் என்னுடையதைப் போலவே பெரிதாக இருந்தது.

"நீ ஏன்டா ஒளிஞ்சிகினு கீற? உன் ஆளுங்கதானே வந்துகீறாங்க?" என்றான்.

"என்னை இங்கயே உட்டுட்டுப் போவப் போறாங்க."

அவன் நம்பாமல் பார்த்தான். "போடா. என்னைத்தான் இட்டுகினு போவ வந்துகீறாங்க. எங்கம்மா சொல்லிச்சி."

"எங்க?"

"உங்க ஊராண்ட. கம்பெனில அடுப்பு எரியணும்னா புள்ளைங்கள உள்ள போடுவாங்களாமே. இங்க எல்லாப் பசங்களுக்கும் தெரியும். அதான் எல்லாம் காட்டுக்கு ஓடிப்பூடுச்சிங்க."

"எங்கப்பா அந்த அடுப்புலதான் வேலை செய்றாரு. அதுல பழைய இரும்பு மட்டும்தான் போடுவாங்க."

"உங்கப்பா உங்கிட்ட வேற எப்டி சொல்லுவாரு?"

அப்பா முந்தின நாள் தலையைத் தடவியது ஞாபகத்துக்கு வந்து, எனக்கே ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது.

ஆனால் பயத்தில் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். இன்றும் அப்படித்தான். இப்போது நான் வேலை செய்யும் காக்களூர் பட்டறையில் ஆய்வுக்கு ஆள் வருகிற நாளில்தான் நான் சுறுசுறுப்பாக இருப்பேன். அவனிடம் ஒரு யோசனை சொன்னேன். நீ வண்டியில் ஏறாதே, நான் இங்கே தங்கமாட்டேன். யார் கூப்பிட்டாலும் இரண்டு பேரும் வெளியே போகக்கூடாது. இருட்டினால் பெரியவர்கள் களைத்துப்போய் அவரவர் பிள்ளையை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். அவன் யோசித்துப் பார்த்துச் சரி என்றான். உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டோம். அவன் பெயர் கன்னியப்பன் என்றான்.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். தக்காளி சாதத்தின் வாசனை வந்தது, போனது. அம்மா என் பெயரைச் சொல்லிக் கத்திக் கத்தித் தேடினார். நான் அசையவில்லை. பாஸ்டர் கத்தினார். அத்தை அழ ஆரம்பித்தார். அப்போதும் அசையவில்லை.

பிறகு ஓலைக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் வந்து நின்றது. கறுப்புப் பாசிமணி போட்ட அந்தப் பெண்தான். மகன் அங்கேதான் இருப்பான் என்று அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். அவர் கத்தவில்லை. கஞ்சி குடிக்கக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"கன்னியப்பா. வாய்யா."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

"வாய்யா. அம்மாதான் சொல்றேன்ல."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். ஓலை விலகியதும் நானும் அகப்பட்டேன். அம்மா என் முதுகில் நாலு வைத்துவிட்டு, கட்டிக்கொண்டு அழுதார். அடி விழுந்ததும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. விட்டுவிட்டுப் போகிற பிள்ளையை யாரும் இப்படி அடிக்கமாட்டார்கள்.

அந்தப் பெண்தான் சில மாதங்களுக்கு முன்பு சந்தையில் அம்மாவைப் பார்த்துத் தானாகக் கேட்டாராம், இவனை ஒரு ஹாஸ்டலில் சேர்த்துவிட முடியுமா என்று. மழைக்காலம் முடிந்ததும் குடும்பமாகச் செங்கல் சூளைக்குப் போக வேண்டும். போன முறை மூத்தவன் அங்கே காய்ச்சலில் போய்விட்டான். இவனை அங்கே கொண்டுபோக அவருக்கு மனம் இல்லை. பாஸ்டர் என்னைக் கூட்டிவரச் சொன்னதும் இதற்குத்தான், திரும்புகிற வழியில் அந்தப் பையனுக்குப் பேச்சுத்துணை. இவையெல்லாம் எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் தப்பித்துவிட்டேன் என்பது மட்டும்தான்.

வேனில் ஏறியதும் எனக்குப் பசி வந்தது. பாட்டும் வந்தது. போகும்போது வாயைத் திறக்காதவன் திரும்பும்போது எல்லோரையும்விட உரக்கப் பாடினேன். பிள்ளையை ஆவியானவர் தொட்டிருக்கிறார் என்று பாஸ்டர் அம்மாவிடம் சொன்னார். கன்னியப்பன் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில், தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் பிஸ்கட் கொடுத்தார்கள். அவன் தின்னவில்லை. கேட்டுவிட்டு, அதையும் நானே தின்றேன். அவன் அம்மா ஏரிக்கரை முடியும்வரை வேனுக்குப் பின்னால் நடந்து வந்தார்.