குடோன் வாசலில் குடங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வெளிநாட்டுப் பணத்தில் நடந்த ஒரு தொண்டு நிறுவனம் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருப் பெண்களுக்குத் தையல் மிஷின் கொடுத்தது. யாருக்குக் கொடுப்பது என்பது அங்கே வேலை பார்த்த ஒரு சாரின் கையில் இருந்தது. மிஷின்கள் வைத்திருந்த குடோன் சாவியும் அவரிடம்தான். பணம் கொடுக்கும் வெள்ளைக்காரம்மா பார்வையிட வந்தால் நாங்கள் பேசுவதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்பவரும் அவரேதான்.

பக்கத்து வீட்டுப் பெண் புருஷனை இழந்தவள், கைக்குழந்தைக்காரி. ஒருநாள் காலையில் என் வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, மிஷின் ரெடியா கீதாம். மத்தியானம் குடோனுக்கு வரச் சொல்றாரு. தனியா வரணுமாம். யாராண்டயும் சொல்லக் கூடாதாம்."

பால் பொங்கி வழிந்தாலே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கிறவள் நான். அதுவும் எங்கள் தெருவில் ஒருத்தி ஏற்கெனவே அப்படித் தனியாகப் போய் மிஷின் வாங்கி வந்திருந்தாள். அதைப் பழைய புடவையால் மூடி வைத்தவள்தான், ஒருநாளும் மிதிக்கவில்லை. கேட்டால் கால்வலி என்பாள்.

போகாவிட்டால் மிஷின் வேறு தெருவுக்குப் போய்விடும். போனால்? யாரிடம் புகார் சொல்வது? நான் எட்டாவதோடு நின்றவள். சாரைப் பற்றிய புகாரைச் சாரை வைத்தா வெள்ளைக்காரம்மாவிடம் சொல்வது?

"நானும் வரேன்" என்றேன். சொன்னதுமே அடுத்த கவலை. ஆள் நடமாட்டமில்லாத மத்தியானத்தில் குடோன் வாசலில் நின்றால் ஊர் என்ன பேசும்? எங்கள் தெருவில் குடம் வைத்திருக்கும் பெண்ணை மட்டும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துப்போய், குடோன் கதவோரம் வைத்துவிட்டு, சார் கதவைத் திறக்கட்டும் என்று உட்கார்ந்தோம்.

அந்த வழியாக வந்த ஒருத்தி நின்றாள். "இன்னாக்கா, தண்ணி லாரி இன்னிக்கி இங்கியா?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "தெரியலம்மா" என்றேன்.

தெரியாமல் யாராவது குடத்தோடு உட்காருவார்களா? இவள் மறைக்கிறாள் என்று முடிவு கட்டி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் சிவப்பும் பச்சையுமாகக் குடங்கள் தெருமுனைவரை நின்றன. முன்னால் வந்தது யார் என்று இரண்டு பேர் தலைமுடியைப் பிடிக்கப் போனார்கள்.

சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. முகத்தில் பவுடரோடு சார் நின்றார்.

"இன்னா சார், லாரி எப்ப வரும்?"

"லாரியா? இங்க ஏதும்மா லாரி? போங்க, போங்க!"

பூக்காரக் கிழவி விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்து, "அப்போ நீ இன்னாத்துக்குடி முதல்ல குந்திகினு கீறே?" என்றாள்.

நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். ஆனால் அவள் எழுந்து நின்று உரக்கச் சொன்னாள்: "மிஷின் தரேன், தனியா வான்னாரு."

கிழவி சாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தனியாவா? அத்தத் தூக்கவே ரெண்டு ஆளு வோணுமே, நைனா!"

பெரிய சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "என்னையும் தனியாத்தான் கூப்ட்டாரு." கால்வலிக்காரி. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. நாலு பேர் சாரைத் தாண்டி உள்ளே போய் மிஷினைத் தூக்கிவந்து குடங்களுக்கு நடுவில் வைத்தார்கள்.

அடுத்த முறை வெள்ளைக்காரம்மா வந்தபோது தெருவே திரண்டு போனோம். எங்கள் பேச்சை எடுத்துச் சொல்ல சர்ச் ஸ்கூல் டீச்சரம்மாவைக் கையோடு கூட்டிப்போனோம். கால்வலிக்காரிதான் முதலில் பேசினாள். சார் வேலையை விட்டுப் போனார். அதற்கப்புறம் எது கொடுத்தாலும் நடுத்தெருவில், எல்லோர் முன்னாலும்தான் கொடுத்தார்கள்.

ஆனால் அந்த மத்தியானம் நாங்கள் குடோன் வாசலில் இருந்த நேரத்தில், தண்ணீர் லாரி வழக்கமான இடத்துக்கு வந்து, ஆளில்லை என்று திரும்பிப் போயிருந்தது. அதற்கு என்னை ஒரு வாரம் திட்டினார்கள். பக்கத்து வீட்டில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால், வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்.