எங்கேயும் ராத்தங்காதவர்

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை. பகல் முழுக்க அவர் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். "காதுல உறுத்துதா?" என்று கேட்பார். இல்லை என்றால் அத்தோடு சரி. அதற்கெல்லாம் வட்டியும் முதலுமாக ராத்திரியில் குறட்டை விடுவார். அதுவும் சாதாரணக் குறட்டையா? மாடி வீட்டுக்காரர் ஒரு தடவை, "கீழ ஏதாச்சும் லாரி நிக்குதா?" என்று இறங்கி வந்தே பார்த்துவிட்டார்.

எனக்குப் பழகிவிட்டது. அவருக்குத்தான் வெட்கம். மகளுக்குக் கல்யாணமான புதிதில் அவள் வீட்டில் ஒரு நாள் தங்கினோம். காலையில் சம்பந்தியம்மா, "ராத்திரி யாரு தண்ணி மோட்டாரை அணைக்க மறந்தது?" என்று கேட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அதற்குப் பிறகு வேறு எந்த வீட்டிலும் இவர் தலை சாய்த்ததில்லை. மகளைப் பார்க்க மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போவார், அன்றைக்கே திரும்பிவிடுவார்.

போன மாதமும் அதே கதைதான். "ஒரே ஒரு ராத்திரி இருப்பா" என்று மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கடையில ஆள் இல்லம்மா" என்றார்.

மறுநாள் கடை விடுமுறை என்பது அவளுக்கும் தெரியும். கையை விட்டுவிட்டு உள்ளே போனவள் வழியனுப்ப வாசலுக்கு வரவே இல்லை.

வண்டியில் நான் விடவில்லை. "பெத்த பொண்ணு மூஞ்சியத் தூக்கி வச்சுட்டுப் போறா. இன்னும் எத்தனை தடவைதான் கூப்பிடுவா? ஒரு நாள் அவளும் விட்டுடுவா, பாருங்க!" அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். மழை வேறு பிடித்துக்கொண்டது.

பாதி வழியில் ஆற்றுப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. காலையில்தான் வழி விடுவோம் என்றார் போலீஸ்காரர். அங்கே இருந்த ஒரே லாட்ஜிலும் இடமில்லை. "பேசாம பொண்ணு வீட்டுக்கே திரும்பிடலாம்" என்றேன்.

"அங்க போனா தங்கணுமே" என்றார். நல்ல மனுஷர்!

வண்டியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தபோது ஒருவர் கை காட்டினார். பக்கத்து ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கிற தம்பி. தோளில் ஒரு கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. "உள்ள வாங்கக்கா. மழையில எங்க போவீங்க?" என்றார். கம்பெனிக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு, இரண்டே அறை. அவர் மனைவி தலை துவட்டத் துண்டு கொடுத்து, சூடாகச் சாப்பாடு போட்டு, முன்னறையில் எங்களுக்குப் பாய் விரித்தாள். கண்ணெல்லாம் சிவந்து, நின்றபடியே தூங்கிவிடுவாள் போலிருந்தாள்.

"நான் வண்டியிலயே படுத்துக்கறேன்" என்று இவர் எழுந்தார்.

"அதெல்லாம் நடக்காது, அண்ணா" என்று அந்தப் பெண் கதவை அடைத்துவிட்டாள்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து, விடியும்வரை முழித்திருப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். காலையிலிருந்து வண்டி ஓட்டிய உடம்பு கேட்குமா? கொஞ்ச நேரத்தில் லாரி ஸ்டார்ட் ஆகிவிட்டது. உள்ளே குழந்தையோ ஓயாமல் அழுதுகொண்டிருந்தது. ஐயோ, இருக்கிற கஷ்டம் போதாதென்று இது வேறா! எழுப்புவோம் என்று அவர் தோளில் கை வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், குழந்தையின் சத்தத்தைக் காணோம். சரி, எழுப்பாமல் படுத்துவிட்டேன்.

காலையில் இவர் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியும் உள்ளறைக் கதவு திறக்கவில்லை. ஒருவழியாக அந்தப் பெண் தலைமுடி கலைய ஓடி வந்தாள்.

"மன்னிச்சுக்கம்மா, ராத்திரி ரொம்பத் தொந்தரவு..." என்று இவர் இழுத்தார்.

"தொந்தரவா! அண்ணா, இவன் பொறந்ததிலேர்ந்து மெஷின் சத்தத்துலதான் தூங்குவான். அது ரிப்பேராகி ரெண்டு நாளாச்சு. இந்த வீட்ல ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. நேத்து உங்க சத்தம் கேட்டதும் அப்படியே கண்ணை மூடிட்டான். பின்னாலயே நாங்களும் கவுந்துட்டோம்!"

அவள் புருஷன் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் நாளைக்குத்தான் வராராம். இன்னிக்கும் இருங்களேன், அண்ணா" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கெஞ்சினார்.

இவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாலத்தில் தண்ணீர் வடிந்துவிட்டிருந்தது. நேரே போனால் எங்கள் வீடு. வண்டியைக் கிளப்பாமல் இவர் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கையைக் கிள்ளினேன்.

"அம்மாடி, இன்னிக்கு ராத்திரி அங்க தங்கலாமா?"

"இது என்னப்பா கேள்வி?"

"சத்தமா இருக்குமேம்மா. உங்க மாமியார் வேற..."

மகள் கோபமும் அழுகையுமாக வெடித்தாள். "அந்தச் சத்தத்துக்குத்தாம்ப்பா உன்னைக் கூப்பிட்டுட்டே இருக்கேன்! இங்க வந்த புதுசுல ஒரு மாசம் எனக்குத் தூக்கமே வரல. பக்கத்து ரூம்ல நீ இல்லாம வீடே வெறிச்சுனு கெடந்துச்சு. இதையெல்லாமா வாய்விட்டுச் சொல்லணும்?"

அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மகள் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.