கயிற்றில் வந்த கடற்கரை

பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மதராஸ் வண்டி வந்து நின்றதும் பார்சல் மேடையில் மீன் கூடைகளை இறக்கி அடுக்குவார்கள். கமிஷன் ஏஜென்டின் ஆள் ஏலம் கூவ, பிளாக்பள்ளி மார்க்கெட்டுக்காரர்கள் கூடையின் ஓரத்தை விரலால் நெகிழ்த்திச் செவுளைப் பார்த்து விலை கேட்பார்கள். ஜோசஃபின் மட்டும் முதலில் கயிற்றுக் கட்டைப் பார்ப்பாள். மற்றவர்கள் கயிற்றைக் கத்தியால் அறுத்துத் திறக்கும்போது அவள் சில கூடைகளின் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, நிதானமாக அவிழ்ப்பாள்.

"மீனைப் பாக்காம கயித்தைப் பாத்து வாங்கறவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்," என்பான் அவள் புருஷன் டொமினிக். "ஒருநாளைக்கு வெறும் கயித்தையே தராசுல வெச்சு வித்துடு."

"கயிறு கெட்டுப்போவாது. நீ வாங்கின சங்கராதான் மத்தியானத்துக்குள்ள நாறும்," என்பாள் அவள்.

அவள் கடலைப் பார்த்ததில்லை. பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் பெங்களூர் ஜீவனஹள்ளியில்தான். அப்பா மதலைமுத்து பழவேற்காட்டிலிருந்து வந்தவர். பட்டாள மெஸ்ஸுக்கு மீன் கொடுக்க வந்து, மார்க்கெட்டில் ஒரு மேடை பிடித்து, இங்கேயே தங்கிவிட்டார். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்தவற்றில் கடைசிவரை மிஞ்சியது ஒரு கட்டுதான். கயிற்றை வளைத்து இரண்டு காதாக விட்டு, ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டு, வாலை வலப்பக்கம் செருகும் கட்டு. ரயில் எவ்வளவு குலுக்கினாலும் அது நெகிழாது. வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, வந்த ஊருக்கே ரயிலில் திருப்பியனுப்பும்போது மதலைமுத்து அப்படித்தான் கட்டுவார்.

ஜோசஃபினுக்கும் தம்பி ரெமிஜியஸுக்கும் அது விளையாட்டாக இருந்தது. ஒருவர் வேண்டுமென்றே எங்கேயாவது ஒரு தப்பு வைத்துக் கட்டவேண்டும். மற்றவர் முழுவதும் அவிழ்க்காமல் அந்தத் தப்பை மட்டும் சரிசெய்ய வேண்டும். ரெமிஜியஸ் சரிசெய்து முடித்தபின்னும் சும்மா இருக்கமாட்டான். வாலைச் செருகுமுன் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுவான். "கயிறு என்னடா, உங்க மாமன் வீட்டுதா?" என்று அப்பா தலையில் குட்டினார். குட்டு நின்றதே தவிர அந்தச் சுற்று நிற்கவில்லை.

அப்பா 1911ல் இறந்தார். சாவதற்கு முன்பே மார்க்கெட் மேடையின் அனுமதியை மருமகன் டொமினிக் பெயருக்கு மாற்றிவைத்திருந்தார். மகன் கடையில் உட்காராமல் ஊர் சுற்றுகிறான் என்பது அவர் சொன்ன காரணம். ரெமிஜியஸுக்கு அது அடக்கத்துக்கு மறுநாள்தான் தெரிந்தது. வீட்டில் உறவினர் நிறைந்திருந்தபோதே அக்காவைப் பார்த்துக் கேட்டான்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

"தெரியும்."

"தெரிஞ்சும் எனக்குச் சொல்லல."

"சொன்னா நீ அப்பாகிட்ட சண்டைக்குப் போவ. அவரு இருந்த இருப்புல..."

"சரி. இனிமே எனக்கு அக்கா கிடையாது. என்னைத் தேடி ஆளு அனுப்பின, அன்னிக்கே அந்த ஊரை விட்டுப் போயிடுவேன். கேட்டுக்கோ."

அவனுக்கு அப்போது இருபது வயதுக்கு மேல். சொன்னதைச் செய்கிறவன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே யாரும் தேடவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு காலை, பழவேற்காட்டுச் சரக்கு ரயிலேறும் பொன்னேரியிலிருந்து வந்த மடவை மீன் கூடை ஒன்றில் அந்தக் கட்டு இருந்தது. இரண்டு காது, வலப்பக்கம் வால், வாலுக்கு முன்னால் ஒரு சுற்று கூடுதல். ஜோசஃபின் ஏலத்தில் எல்லோரையும்விட அதிகம் கேட்டு அந்தக் கூடையை எடுத்தாள். மடவை சுமார்தான். டொமினிக் கணக்குப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான். கயிற்றைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். தம்பி மீன் காண்டிராக்டர் எவனிடமோ கூடை கட்டும் வேலையில் இருக்கிறான் என்பது இருவருக்கும் புரிந்துவிட்டது. அன்று அவள் காலிக் கூடைகளை அப்பாவின் கட்டைப் போட்டே திருப்பியனுப்பினாள். அடுத்த வாரமும் அவன் கட்டு வந்தது. யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, கூடைகள் போய்வந்துகொண்டிருந்தன.

ஒரே ஒருமுறை அவள் பொறுமை இழந்தாள். மகள் நோராவின் ஞானஸ்நானத்துக்குத் தாய்மாமன் வரவேண்டும் என்று ஆசைப்பட்டு, ரயில் கார்டு ஒருவரிடம் பொன்னேரிக்குச் சொல்லியனுப்பினாள். பதில் வரவில்லை. கட்டும் நின்றுபோயிற்று. பொன்னேரிக் கூடைகள் வேறு யாரோ கட்டி, அறுத்தால்தான் திறக்கும் முரட்டு முடிச்சோடு வந்தன. ஒரு வருஷம் போனபின் கடலூர்க் கூடையில், சவுக்குச் சருகு மெத்தைக்கு மேல், அந்தக் கூடுதல் சுற்று மறுபடி தெரிந்தது. அன்றிலிருந்து அவள் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

கேட்காமலே கிழக்குக் கரை அவளுக்குப் பழகியது. பனையோலையும் உப்பங்கழிச் சேற்று வாசனையும் என்றால் பழவேற்காட்டுப் பக்கம். சவுக்குச் சருகு என்றால் கடலூர். ஈர வைக்கோலில் இறாலும் நண்டும் வந்தால் பரங்கிப்பேட்டை. வைகாசியில் கோலா மீன் வந்தால் நாகப்பட்டினம். ஐப்பசி கார்த்திகையில் பெங்களூரில் வெயிலே இல்லாமல் பொடித் தூறல் பிடித்துக்கொண்டால், அந்தக் கரையில் புயல் நிற்கிறது, கட்டுமரம் எதுவும் இறங்கவில்லை என்று பொருள்.

பார்சல் ஆபீசில் தேசிகன் என்றொரு கிளார்க் இருந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் மீன் பக்கம் வருவார்.

"இன்னிக்கு லோடே இல்லேம்மா," என்பார்.

"தெரியும் சாமி. தூறல் நேத்தே சொல்லிடுச்சு."

"தெரிஞ்சுமா இவ்வளவு தூரம் நடந்து வந்தே?"

"உங்க மூக்குக்கு ஒருநாள் லீவு கிடைச்சுதேன்னு பாத்துட்டுப் போவ வந்தேன்."

தூரத்தை அவள் ஐஸை வைத்து அளந்தாள். கூடையில் கட்டி மிச்சமிருந்தால் ஊர் கிட்டே. தண்ணீராகி வந்தால் தொலைவு. அந்தக் கணக்கில் பரங்கிப்பேட்டைதான் உலகத்தின் கடைசி. நோரா கான்வென்ட்டில் படித்த காலத்தில் ஒருநாள் பூகோளப் படத்தை விரித்தபோது அந்தக் கணக்கு உதைத்தது.

"இதும்மா கிழக்குக் கரை. வளைவே இல்லாம நேரா இருக்கு பாரு. அதனால கப்பல் ஒதுங்க இடம் இல்ல, தூரத்துலயே நிக்கணும்னு டீச்சர் சொன்னாங்க. மேக்குக் கரை அப்படி இல்லியாம்."

"பரங்கிப்பேட்டை எங்க? கடைசியிலயா?"

"இல்லியே, இதோ. நாகப்பட்டினம்தான் இன்னும் கீழ."

"போடி. நாகப்பட்டினத்துக் கூடையில ஐஸு கட்டியா வருது."

"அங்கேருந்து நல்ல வண்டி இருக்கும்மா. இங்க பாசஞ்சர்தான் நிக்கும். அது விழுப்புரத்துல படுத்துத் தூங்கிட்டு, அப்புறம் காட்பாடியில வண்டி மாறி வரும்."

ஜோசஃபின் நம்பவில்லை, ஆனால் மகள் சொன்னதுதான் சரி. பிறகு பழவேற்காட்டின் மேல் ஒரு விரலையும் கடலூரின் மேல் ஒரு விரலையும் வைத்துப் பார்த்தாள். இடையில் ஒரு நகம் போகும் அளவுதான் இருந்தது.

"இவ்ளோதானா? இதுக்கா ஒரு வருஷம் எடுத்துக்கிட்டான்?"

"யாரும்மா?"

"மீன்காரன்."

அதற்குப் பிறகு அந்தக் கட்டு பரங்கிப்பேட்டையிலேயே நிலைத்தது. கோலாக் காலத்தில் மட்டும் நாகப்பட்டினம் போய்த் திரும்பும். அவன் கல்யாணம் செய்துகொண்டானா, தலை நரைத்ததா என்பதெல்லாம் கயிற்றில் வராது. ஆள் இருக்கிறான் என்பது மட்டும் வரும். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டான். மதராஸ் காலியாயிற்று. பெட்டி படுக்கையோடு வந்தவர்கள் கன்டோன்மென்ட் முழுவதும் வாடகைக்கு இடம் தேடினார்கள். ஜீவனஹள்ளியில் மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகை ஏறியது. மீன் கூடை மட்டும் வரவில்லை.

"புக்கிங்கை நிறுத்திட்டா," என்றார் தேசிகன். "பட்டாளச் சாமானுக்கே வேகன் பத்தலை. கரையோரம் பாதி ஊர் உள்ளே ஓடிப்போயிடுத்தாம். ஏன், அங்க யாராவது மனுஷா இருக்காளா? சொல்லு, பரங்கிப்பேட்டை ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு வார்த்தை போட்டுக் கேக்கறேன்."

ஜோசஃபின் காலி மேடைப் பக்கம் திரும்பினாள்.

"வேணாம் சாமி. கேட்டா ஓடிடும்."

"எது?"

"மீனு."

தேசிகன் கைக்குட்டையை எடுத்துவிட்டு அவளை ஒருமுறை பார்த்தார்.

தை பிறந்தபின் கூடைகள் மறுபடி வரத் தொடங்கின. பழவேற்காட்டு மடவை வந்தது. கடலூர்ச் சங்கரா வந்தது. ஈர வைக்கோலில் இறாலும் வந்தது. எந்தக் கூடையிலும் அந்தச் சுற்று இல்லை. பரங்கிப்பேட்டைக் கூடைகளை யாரோ அவசரத்தில் கட்டியதுபோல் முரட்டு முடிச்சு. ஜோசஃபின் ஒவ்வொரு கூடையாகக் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தாள். செத்துப்போனானா, வேறு ஊர் போனானா, வேலையை விட்டானா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கேட்டு, உயிரோடு இருந்தால், மறுபடி ஓடுவான். அவனுக்கு இப்போது ஐம்பதுக்கு மேல், அவளுக்கு அதற்கும் மேல். இன்னொரு வருஷம் தேடிக் கண்டுபிடிக்க இருவருக்கும் ஆயுசு வேண்டும்.

மாசி மாதத்தில் ஒருநாள் அவள் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து நார் நாராக்கினாள். டொமினிக் சணலை எடுத்துத் தொடையில் வைத்து, சிவப்பை அதோடு சேர்த்துத் திரித்துக் கொடுத்தான். கண் சரியாகத் தெரியாத வயதில் அவன் திரித்த கயிறு அங்கங்கே பருத்தும் மெலிந்தும் இருந்தது. அவள் காலிக் கூடைகளை நாலு கட்டாகப் பிரித்தாள். பொன்னேரிக்கு ஒன்று, கடலூருக்கு ஒன்று, பரங்கிப்பேட்டைக்கு ஒன்று, நாகப்பட்டினத்துக்கு ஒன்று. நாலிலும் அப்பாவின் கட்டைப் போட்டாள். நாலிலும் இரண்டாவது காதைத் தப்பாகப் போட்டாள், வாலை இழுத்தால் அவிழாமல் இறுகும்படி.

"அறுத்துப் போட்டுடுவானுங்க," என்றான் டொமினிக்.

"மத்தவன் அறுப்பான்."

அந்தக் கட்டு கேள்வி இல்லை. எவன் வாயிலிருந்தும் எந்தப் பதிலும் கேட்டு அவள் அதை அனுப்பவில்லை. அதை மனதில் இரண்டுமுறை சொல்லிப் பார்த்துவிட்டே கட்டுகளைப் பார்சல் மேடைக்குத் தூக்கிச் சென்றாள்.

நாகப்பட்டினத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் அடுத்து வந்த கூடைகள் வேறு கயிற்றில் வந்தன. பொன்னேரிக்காரன் சிவப்புக் கயிற்றை மூன்று துண்டாக வெட்டி, கூடைக் காதுகளில் சுற்றி அனுப்பியிருந்தான். பரங்கிப்பேட்டைக் கூடை வர நாளாயிற்று. வந்த அன்று ஐஸ் முழுவதும் தண்ணீராகி மேடையில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஏலக்காரன் அதை ஒதுக்கித் தள்ளியிருந்தான். அதன் வாயில் சிவப்புக் கயிறு, அறுபடாமல், முழுசாக இருந்தது.

ஜோசஃபின் எதிரே உட்கார்ந்தாள். இரண்டாவது காது சரியாகத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. வாலுக்கு முன்னால் ஒரு சுற்று கூடுதல். ஆனால் கட்டு தளர்வாக, கோணலாக இருந்தது. வால் இடப்பக்கம் செருகியிருந்தது. வலக்கையால் கட்டுகிறவனுக்கு அப்படி வராது. அவள் தன் வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கை ஒன்றாலேயே அதைக் கட்டிப் பார்ப்பதுபோல் காற்றில் விரலை ஓட்டினாள். அப்படித்தான் வந்தது. தம்பி உயிரோடு இருக்கிறான்; அவன் வலக்கைக்கு ஏதோ ஆகிவிட்டது. என்ன ஆயிற்று என்று கயிறு சொல்லவில்லை.

"ஏம்மா, அந்த இறால் அழுகல்," என்றான் ஏலக்காரன். "அதுக்குமா விலை கேக்கப்போற?"

"கேக்கறேன். கூவு."

அன்று மாலை அவள் காலிக் கூடைகளைக் கட்ட வழக்கத்தைவிட வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். மறுநாள் பார்சல் மேடையில் தேசிகன் சீட்டு ஒட்டக் குனிந்தவர் நிமிர்ந்தார்.

"என்னம்மா இது, எல்லாத்தையும் எதிர்ப்பக்கமா கட்டிண்டு வந்திருக்கே? இத்தனை வருஷத்துல இப்படிப் பார்த்ததில்லையே."

"பிரிக்கிறவருக்கு இந்தப் பக்கம்தான் வசதி, சாமி," என்றாள் ஜோசஃபின். "பரங்கிப்பேட்டைக்குப் போடுங்க."