சீட்டில்லாமல் நுழைந்த நாற்பத்தொரு பேர்

அவர் பஸ் கண்டக்டர். பதினோரு வருடமாக நின்றுகொண்டே ஊரைச் சுற்றியவர். வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால்கூட, "உள்ள போ, உள்ள போ, வழியில நிக்காத" என்பார். அந்தச் சமையலறையில் உள்ளே போக இடம் கிடையாது என்பது வேறு விஷயம்.

மூன்றாவது மாடியில் ஒரே அறை. நான்கு வயதில் மகள், இரண்டரை வயதில் மகன். நடக்கிற வழக்கம் இருவருக்குமே இல்லை. ஓடுவார்கள், இல்லாவிட்டால் தூங்குவார்கள். இவர்கள் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். யாரோ கூட விளையாடுகிறார்கள் என்று பிள்ளைகள் இன்னும் நாலு குதி குதிக்கும். வீட்டுச் சொந்தக்காரர் நேரிலேயே வந்து சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை புகார் வந்துச்சுன்னா வேற வீடு பார்த்துக்கங்கம்மா."

ஆகவே நகராட்சிப் பூங்காவிலுள்ள விளையாட்டுத் திடல் கண்டக்டருக்குப் பொழுதுபோக்கு அல்ல, குடியிருக்கும் வீட்டைக் காப்பாற்றுகிற வழி. மூன்று மணிக்குக் காலைப் பணி முடித்து அவர் வீட்டுக்குள் வர, மாலை ஷிப்டில் வேலை பார்க்கும் கணவர் வெளியே போவார். சீருடையைக்கூட மாற்றாமல் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு இவரும் கிளம்பிவிடுவார். அங்கே ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், கிறீச்சென்று கத்தும் சீசா ஒன்று. ஆறு மணிக்குள் நான்கு கால்களையும் ஓய வைத்துக் கூட்டிவந்துவிட்டால், கீழ்வீட்டுத் துடைப்பம் அன்று பெருக்குகிற வேலையை மட்டும் பார்க்கும்.

பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் வாசலில் சீட்டு உண்டு. சும்மா வருகிறவர்கள் எத்தனை பேர் என்று அலுவலகத்துக்குத் தெரிய வேண்டாமா? பெரியவர்களுக்கு ஆளுக்கொரு சீட்டு கிழித்துத் தருவார் காவலாளி. பிள்ளைகளுக்குக் கிடையாது. "சின்னப் புள்ளைக்கு எதுக்குக்கா சீட்டு? வாயில போட்டு மென்னுடும்" என்பார். குழந்தைகள் வயிற்றின் மேல் அரசாங்கத்துக்கு அவ்வளவு கரிசனம்.

ஒருநாள் வாசலில் பலகை முளைத்திருந்தது. பயன்பாட்டில் இல்லாத விளையாட்டுத் திடல் அகற்றப்பட்டு வாகன நிறுத்துமிடம் அமைக்கப்படுமாம். அதைக் கண்டக்டர் படித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பயன்பாட்டில் இல்லாத ஊஞ்சலுக்காக ஏழு பிள்ளைகள் முடியைப் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"யோவ், என்னய்யா இது?"

"ஆபீஸ் கணக்குக்கா. மூணு மாசத்துல பெரியவங்க ஆறாயிரம் பேர் வந்திருக்காங்க. புள்ளைங்க ஒண்ணுகூட வரல."

"அப்போ அந்த ஆறாயிரம் பேரும் சறுக்குமரம் ஏறவா வந்தாங்க?"

காவலாளி யோசித்தார். "கணக்குப்படி பார்த்தா ஆமாங்கா."

கண்டக்டருக்கு இந்த நோய் புதிதல்ல. அவர் வண்டியில் மடியிலும் இடுப்பிலுமாக முப்பது உருப்படி ஏறும். எதற்கும் டிக்கெட் கிடையாது. மூச்சுவிட இடமில்லாத வண்டியைப் பார்த்து, பாதி காலி என்று டிக்கெட் மிஷின் சத்தியம் செய்யும். அதை நம்பி டிப்போவில் ஒரு டிரிப்பையே வெட்டிவிட்டார்கள்.

"நாளையிலேருந்து கைக்குழந்தைக்கும் சீட்டு கிழிக்கறீங்க" என்றார். மற்ற தாய்மார்களுக்கும் சொல்லிவைத்தார். ஒன்பது நாள் காவலாளி கிழி கிழியென்று கிழித்தார். சில குழந்தைகள் நிஜமாகவே சீட்டை மென்றன. பத்தாம் நாள் சீட்டுக் கட்டு தீர்ந்துபோனது. வருடத்துக்கான கட்டில் கடைசியாக மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். புதுக் கட்டுக்கு எழுதிப்போட்டால் வர மூன்று மாதம். சீட்டில்லாமல் யாரையும் விடக்கூடாது என்பது விதி. கேட்டைச் சாத்திவிட்டார்.

அன்றைக்கென்று பார்த்து, அந்த ஒன்பது நாள் கணக்கு ஆபீஸ் போய்ச் சேருமுன்பே, திடலைக் கடைசியாகப் பார்வையிட நகராட்சி மேற்பார்வையாளர் வந்தார். பக்கவாசல் வழியாக நுழைந்து ஆடாத ஊஞ்சலைப் பார்த்தார். அசையாத சீசாவையும் பார்த்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி. பேனாவைத் திறந்தார்.

"சார்!" கேட்டின் கம்பிகளுக்கு வெளியிலிருந்து கண்டக்டர் கத்தினார். மகன் இடுப்பிலும் மகள் கையிலுமாக நின்றார். "என்ன எழுதறீங்க?"

"உள்ள ஒரு குழந்தைகூட இல்லம்மா. அதைத்தான் எழுதறேன்."

"கேட்டைப் பூட்டிட்டு உள்ள ஆளில்லைங்கறீங்களே, உங்களுக்கே சிரிப்பு வரலையா? வெளிய பாருங்க!"

"வெளிய நிக்கறது என் கணக்குல வராதும்மா."

"என் பொண்ணு சறுக்குமரத்துல ஏற ஒரு மணி நேரமா வெயில்ல நிக்கறா. வீட்டுல ஓடினா வீடு போயிடும், தெருவுல ஓடினா காலு போயிடும். எங்கதான் சார் ஓடுவா? உங்க ஃபைல் மேலயா?"

"சீட்டு வரட்டும்மா, யோசிப்போம்."

"சீட்டு வர்றதுக்குள்ள இங்க கார் நிக்கும்!"

கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். இரட்டை விசில் கேட்டால் எந்த டிரைவரும் யோசிக்காமல் வண்டியை எடுப்பார். காவலாளியும் யோசிக்கவில்லை, கேட்டைத் திறந்துவிட்டார்.

"ஒவ்வொருத்தரா வா, தள்ளாத! ஒண்ணு... ரெண்டு... பாப்பா, செருப்பு மாட்டு... மூணு... உள்ள போ, உள்ள போ, முன்னாடி இடம் இருக்கு!"

ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினார். தன் இடுப்பிலிருந்ததையும் இறக்கிவிட்டு எண்ணினார். "நாற்பத்தொண்ணு. எழுதிக்குங்க சார். இல்லைன்னா மறுபடியும் வெளிய விட்டு எண்ணவா?"

நாற்பத்தொரு பிள்ளைகள் சூழ்ந்துகொண்ட பிறகு மேற்பார்வையாளரால் காலி என்று எழுத முடியவில்லை. அதிகாரி அல்லவா, தோற்றதாகவும் எழுத முடியாது. "சீட்டின்றி அத்துமீறி நுழைந்தோர்: 41" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அத்துமீறல் நடந்த இடத்தை, விசாரணை முடியும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று அதே அலுவலகத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரு கல்லைக்கூட நகர்த்தக்கூடாது, திறந்த கேட்டைக்கூடச் சாத்தக்கூடாது. இப்படியாக வாகன நிறுத்துமிடம் நின்றுபோனது. சறுக்குமரம் தடயப் பொருளாகி, தினமும் மூன்று மணிக்குமேல் தேய்ந்துகொண்டிருக்கிறது.

திடல் பிழைத்ததே என்று கண்டக்டர் சந்தோஷப்படுவார் என எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். போன வாரம் அவருக்கு நோட்டீஸ் வந்தது. குற்றம் சாட்டப்பட்டோர் விளக்கத்துடன் நேரில் வர வேண்டுமாம்.

"ரெண்டரை வயசு அத்துமீறியாம்! இன்னும் சொந்தமா மூக்குச் சிந்தத் தெரியல அவனுக்கு" என்று காவலாளியிடம் நோட்டீஸை ஆட்டிக் காட்டினார். "ஆமா, அந்த ஆபீஸ் எப்படி இருக்கும்?"

"பெரிய ஹாலுக்கா. வழவழன்னு தரை. சக்கரம் வெச்ச நாற்காலி ஒரு இருபது கிடக்கும்."

கண்டக்டர் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "நாற்பத்தொண்ணையும் கூட்டிட்டுப் போறேன்."