மிளகு மூட்டையும் டிரையர் மூடியும்

பக்கத்து வீட்டுச் செல்லம்மாளை நான் விரட்டிவிட்டதாக நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள். தவறு. மூட்டையை எடுக்கத்தான் சொன்னேன்.

இந்த மலை மூடுபனியில் என் துணிகள் டிரையரில்தான் காய்கின்றன. அதன் சூடான காற்று பின்சுவர்க் குழாய் வழியாக வெளியேறும். அந்தக் குழாயின் பிளாஸ்டிக் மூடியில் செல்லம்மாள் தன் ஈர மிளகு மூட்டையைத் தொங்கவிட்டாள். மூடி உடைந்து, மூட்டை குழாயை அடைத்தது. உள்ளே கருகல் வாடை.

"தீப்பிடித்திருந்தால்?" என்றேன்.

"சூடு சும்மாதானுங்க போவுது டீச்சரம்மா. மிளகு பூசணம் பூக்குதுங்க."

"என்னிடம் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா முடியாதுன்னுதானுங்க சொல்லுவீங்க!"

மூட்டையோடு போனவள் பிறகு வரவே இல்லை.

இன்று நாமக்கல்லிலிருந்து புது மூடி வந்தது. பொருத்த வந்தவர் தலைகீழாக மாட்டினார். கழற்றி மறுபடி மாட்டச் சொன்னேன்.

"தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டார்.

யார் இப்படிக் கேட்டாலும், வேலிக்கு அப்பாலிருந்து செல்லம்மாள்தான் "நாங்க இருக்கமில்லீங்க" என்பாள். இன்று அங்கே சத்தமே இல்லை.

செல்லம்மாளின் மகள் இதைப் படிப்பாள். கண்ணு, குழாய்க்கு எதிரே சற்றுத் தள்ளி ஸ்டூல் போட்டிருக்கிறேன். அம்மா மிளகைத் தட்டில் பரப்பி அதன்மேல் வைக்கட்டும். பஞ்சுத்தூசி ஒட்டினால் புடைத்துக்கொள்ளட்டும். என் ஒருத்தியின் துணிக்கு மெஷின் தினமும் ஓடாது. உங்கள் வீட்டுப் போர்வைகளையும் கொண்டுவரச் சொல்.

அம்மா வருவாளா, மாட்டாளா? கட்டைவிரல் படம் போடாதே. எழுத்தில் பதில் சொல்.